சுமை தூக்கும் பயிற்சியை எப்படித் தேர்ந்தெடுத்தோம்: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது; ஷிப்ட் மாறியதால் இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார், தணிக்கையும் முடிந்துவிட்டது. இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களில் இளைஞர்கள் அதிகம். மருத்துவமனை உதவியாளர்களும் முதல் முறையாக நம்மோடு வந்திருக்கிறார்கள். எல்லோரும் வருக.

இனி முழுக்க ஒரே விஷயம்தான். பாதுகாப்பாகச் சுமை தூக்கவும் சுமக்கவும் சொல்லித்தரும் ஆன்லைன் பயிற்சிகளில் எதை எடுப்பது என்ற கேள்விக்குத்தான் இந்த வருடம் நம் நேரத்தில் பெரும்பகுதி போனது. முடிவை மட்டும் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, ஏன் அந்த முடிவு என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வருடத் தொடக்கத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். நம் தம்பி ஒருவர் அடித்தட்டு ரேக்கின் உள்பக்கமிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துத் தூக்கினார், கால் நகரவில்லை, இடுப்பை மட்டும் திருப்பிப் பக்கத்திலிருந்த பேலட்டில், அதாவது சரக்கு அடுக்கும் பலகையில், வைக்கப்போனார். பெட்டி 14 கிலோ. அதைப்போல இரண்டு மடங்கை அன்றாடம் தூக்குகிற உடம்பு அவருக்கு. நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். சின்னதாக ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான், பாதித் திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டார். பெட்டியைப் போடவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை, நெற்றி முழுக்க வியர்வை. நானும் இன்னொருவரும் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினோம். அப்புறம் அவரை மெல்லத் தரையில் சாய்த்துப் படுக்கவைக்கவே கால் மணி நேரம் ஆனது. ஏழு வாரம் வேலைக்கு வரவில்லை.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அதற்கு நான்கு மாதம் முன்புதான் நாங்கள் எல்லோரும் ஒரு ஆன்லைன் பயிற்சியை முடித்திருந்தோம். இருபது நிமிட வீடியோ, பத்துக் கேள்வி, விடை தவறினால் சரியானது வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்கலாம். தம்பிக்கு நூற்றுக்கு நூறு, எனக்கும் நூற்றுக்கு நூறு. முதுகை நேராக வை, முழங்காலை மடக்கு என்று அதில் சொன்னது இருவருக்கும் மனப்பாடம். ஆனால் அடித்தட்டு ரேக்கின் உள்ளே கை நீட்டி எடுக்கும்போது முதுகை நேராக வைப்பது எப்படி என்று அந்த வீடியோ சொல்லவில்லை, ஏனென்றால் அதில் ரேக்கே இல்லை. காலியான அறை, நடுவில் கைப்பிடி வைத்த அழகான ஒரு பெட்டி, நான்கு பக்கமும் தாராளமாக இடம். அப்படி ஒரு பெட்டியை நம்மில் யாரும் வேலையில் தூக்கியதே இல்லை.

அதனால்தான் ஐந்து பேர் குழு போட்டோம். வாரம் ஒரு மாலை உட்கார்ந்து, கிடைத்த பயிற்சிகளை ஆளுக்கு ஒன்றாக முழுவதும் பார்த்து, அடுத்த வாரம் வந்து பேசுவது என்று ஏற்பாடு.

முதல் கூட்டத்திலேயே மூத்த அண்ணன் ஒருவர், "முப்பது வருஷமா தூக்குறேன், எனக்கு வீடியோ என்ன சொல்லித்தரப்போகுது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது, ஆய்வுகளும் கிட்டத்தட்ட அவர் பக்கம்தான் நிற்கின்றன. சுமை தூக்கும் முறை பற்றிய அறிவுரையும் பயிற்சியும் முதுகுவலியைத் தடுக்கிறதா என்று உலகத்தின் பல இடங்களில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011ல் வெளியிட்ட மதிப்பாய்வு, தடுப்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. இதை வாசித்த அன்று குழுவில் பெரிய வாக்குவாதம். அப்படியானால் பயிற்சியே வேண்டாம், தள்ளுவண்டி வாங்கித் தரச் சொல்வோம் என்று இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

நான் அதை வேறு மாதிரி புரிந்துகொள்கிறேன். பெட்டியின் எடை, ரேக்கின் உயரம், வேலையின் வேகம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, தூக்குகிற ஆளின் முழங்காலை மட்டும் திருத்தினால் பலன் வராது. பிரிட்டனில் 1992ல் வந்த சுமை கையாளும் விதிமுறையைப் பாருங்கள், வரிசை தெளிவாக இருக்கிறது: ஆபத்தான தூக்குதலை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாததை அளந்து மதிப்பிட வேண்டும், அப்புறம் ஆபத்தைக் குறைக்க வேண்டும். எப்படித் தூக்குவது என்ற பேச்சே இதெல்லாம் ஆன பிறகுதான். ஆகவே எந்தப் பயிற்சியைத் திறந்தாலும் முதலில் ஒன்றைத்தான் தேடினோம்: "இதைக் கையால் தூக்கத்தான் வேண்டுமா?" என்ற கேள்வி அதில் வருகிறதா? பாதிக்கு மேற்பட்ட பயிற்சிகள் இங்கேயே விழுந்தன.

அடுத்தது, நம் சுமையை நம்மையே அளக்கச் சொல்கிறதா என்பது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நான் இந்த வருடம் கற்றதில் எனக்கு மிகவும் உதவியது இதுதான்.

நியோஷ் என்று சுருக்கிச் சொல்லப்படும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எத்தனை கிலோவரை பாதுகாப்பாகத் தூக்கலாம் என்பதற்கு 1981ல் ஒரு கணக்கை வெளியிட்டு, 1991ல் அதைத் திருத்தியது. எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்று அது தொடங்கும். சாதகம் என்றால், கை உடம்புக்கு ஒட்டி, கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், உடம்பு திரும்பாமல், எப்போதாவது ஒருமுறை தூக்குவது. இதில் எது குறைந்தாலும் எடையைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். கை கணுக்காலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 23 கிலோ அப்படியே பாதியாகி 11.5 கிலோ ஆகிவிடும்.

நாங்கள் இஞ்சி டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அடித்தட்டு ரேக்குக்கே போனோம். குழுவில் ஒரு அக்கா தம்பி நின்ற இடத்தில் நின்று கையை உள்ளே நீட்டினார், நான் அளந்தேன். கணுக்காலிலிருந்து கை 50 சென்டிமீட்டர். தரையிலிருந்து 15. தூரத்துக்காகப் பாதி போய் 11.5 ஆனது, தாழ்வாக இருப்பதற்குக் கழித்ததும் சுமார் 9.4 கிலோ. இடுப்பைத் திருப்பிப் பெட்டியை இறக்கிவைக்கும் இடத்தை அந்தக் கணக்கில் தனியாகப் பார்க்க வேண்டும்; 90 டிகிரி திரும்பினால் அங்கே கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விடும். இதோடு எவ்வளவு உயரம் தூக்குகிறோம், நிமிடத்துக்கு எத்தனை தடவை, பிடிக்க வசதி உண்டா என்பதெல்லாம் இன்னும் கழிக்கும். எங்கே நிறுத்தினாலும் 14 கிலோ எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கிய நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியைச் சின்னப் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஏன் இப்படி என்பதையும் நல்ல பயிற்சி சொல்லிவிடும். முதுகெலும்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் எலும்புக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில்தான் பின்னால் இருக்கின்றன. அரை மீட்டர் முன்னால் 10 கிலோவைப் பிடித்தால், நெம்புகோல் கணக்குப்படி அந்தத் தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும், நம் மேலுடம்பின் எடை தனி. அந்த அழுத்தம் முழுவதும் இறங்குவது இடுப்பு வட்டுகள் மேல், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டுகள் மேல். அதே 10 கிலோவை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் பாதிக்கும் கீழே வந்துவிடும். முழங்காலை மடக்கச் சொல்வதிலும் இதே சிக்கல் இருக்கிறது. அகலமான பெட்டி கால்களுக்கு நடுவே வராது, அப்போது முழங்கால்தான் பெட்டியை முன்னால் தள்ளிவிடும், முதுகுக்குச் சுமை கூடவும் செய்யலாம். முழங்காலா இடுப்பா என்பதைவிடப் பெட்டி எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைக் காட்டிப் புரியவைத்த பயிற்சி, நாங்கள் பார்த்ததில் இரண்டே இரண்டு.

அங்கீகாரம் பற்றி நிறைய பேர் கேட்டீர்கள். "அரசு ஒப்புதல் பெற்றது" என்று முகப்பிலேயே பெரிதாகப் போட்டிருந்த பயிற்சி ஒன்றைக் குழு மிகவும் விரும்பியது. எந்த அரசு, எந்தத் துறை, எந்த எண் என்று எழுதிக் கேட்டோம். பதில் வரவில்லை, அதோடு அதை விட்டுவிட்டோம். சான்றிதழ் வாங்குவது எளிது, பல இடங்களில் மூன்று வருடம் செல்லும் என்று தேதியும் போட்டுத் தருகிறார்கள், ஆனால் பயிற்சி முடித்த மறுவாரமே வேலையிடத்தில் புது ரேக் வந்துவிட்டால் அந்தத் தேதியை வைத்து என்ன செய்வது?

தேர்வு எப்படி என்றும் பார்த்தோம். தோற்கவே முடியாத தேர்வு வேண்டாம் என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னோம். வீடியோவை ஓட்டிவிட்டுக் கடைசிக்குத் தாவ முடிகிறதா என்று நானே முயன்று பார்த்தேன், நான்கு பயிற்சிகளில் முடிந்தது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் இருக்கிறது என்று விளம்பரம் செய்த ஒன்றில் குரல் மட்டும் தமிழ், திரையில் வரும் எழுத்தும் கேள்விகளும் ஆங்கிலம். நம்மில் பலருக்கு அது ஊகித்து அழுத்துகிற விளையாட்டாகிவிடும். இன்னொன்றின் தமிழை வாசித்தால் வேலை செய்கிற மனிதர் எவரும் பேசாத தமிழாக இருந்தது. போனில் ஓடுகிறதா, பாதியில் நிறுத்தி அடுத்த நாள் தொடரலாமா என்பதும் நமக்கு முக்கியம்.

இடுப்புப் பட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஒரு பயிற்சி பட்டை ஒன்றை இலவசமாகத் தருவதாகச் சொன்னதால் சிலர் அதையே எடுக்கலாம் என்றீர்கள். அமெரிக்காவில் 160 கடைகளில் பொருள் தூக்குபவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000ல் வெளியான நியோஷ் ஆய்வு, பட்டை கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுக் காயத்திலும் வலியிலும் வித்தியாசம் காணவில்லை. மருத்துவர் சொல்லிக் கட்டுபவர்கள் கட்டுங்கள். பட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் இரண்டு பெட்டி சேர்த்துத் தூக்காதீர்கள்.

கடைசியில் எடுத்தது எது என்றால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற சிறு பகுதிகளாகப் பிரித்த ஒரு பயிற்சி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்து வேலையிடத்துக்கு அனுப்புகிறது: உங்கள் கனமான ஐந்து சுமைகளை நிறுத்துப் பாருங்கள், கை எட்டும் தூரத்தை அளந்து எழுதுங்கள், தூக்காமல் தள்ளவோ உருட்டவோ முடியுமா என்று குறியுங்கள். அந்தத் தாள் நிரம்பாமல் அடுத்த பகுதி திறக்காது. முடிவில் நேரில் ஒருவர் வந்து, நம் பெட்டிகளை வைத்தே, நாம் தூக்குவதைப் பார்த்துத் திருத்தும் அரை நாள் செய்முறையும் உண்டு. திரையால் நம் முதுகைப் பார்க்க முடியாது, அதனால் செய்முறை இல்லாத எதையும் எடுப்பதில்லை என்று குழு ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தது. பார்த்ததிலேயே அதிக நேரம் பிடிக்கிற பயிற்சி இதுதான். சீக்கிரம் முடிகிறதை எடுத்திருக்கலாம் என்று இன்னும் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும், நேரில் வந்து பேசுங்கள்.

பகல் ஷிப்டில் முதல் இரண்டு பகுதிகள் முடிந்தன. நிரப்பிய தாள்களை அடுக்கிக்கொண்டு நிர்வாகத்திடம் போனோம். வெறும் வாயால் கேட்டபோது நடக்காதது, எண்கள் எழுதிய தாளைக் காட்டியபோது நடந்தது. கனமான பெட்டிகள் இடுப்பு உயரத் தட்டுக்கு வந்துவிட்டன, அடித்தட்டில் இப்போது லேசான சரக்கு மட்டும். கேட்ட தள்ளுவண்டிகளில் பாதி வந்தது. மீதிக்கு எழுதியிருக்கிறோம்.

குறைகளும் இருக்கின்றன. இரவு ஷிப்டில் பயிற்சி இன்னும் தொடங்கவேயில்லை. ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள், நாம் அதை ஏற்கவில்லை, பயிற்சியும் வேலை நேரம்தான் என்பதில் சங்கம் உறுதியாக இருக்கிறது. மருத்துவமனை உதவியாளர்களுக்கு இந்தப் பயிற்சி போதாது. பெட்டிக்குப் போட்ட கணக்கு மனிதருக்கு அப்படியே பொருந்தாது, நோயாளி அசைவார், பயத்தில் நம் கழுத்தைப் பிடிப்பார். நோயாளியைக் கையால் தூக்குவதற்கு, அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால், ஏறத்தாழ 16 கிலோதான் எல்லை என்று நியோஷ் ஆய்வாளர் ஒருவர் 2007ல் எழுதியிருக்கிறார். பெரியவர் ஒருவரை முழுதாகத் தூக்குவது அதற்குள் எப்படி அடங்கும்? தூக்கும் கருவியும், நோயாளியை நகர்த்த அடியில் விரிக்கும் வழுக்குத் துணியும் வைத்துச் சொல்லித்தரும் தனிப் பயிற்சி ஒன்றை அவர்களுக்காகத் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிரிவிலிருந்து இரண்டு பேர் குழுவில் சேர்ந்தால் நல்லது, பெயர் கொடுங்கள்.

தம்பி வேலைக்குத் திரும்பிவிட்டார். மூன்றாவது பகுதிக்கான தாளை அவர்தான் எல்லோருக்கும் கொடுக்கிறார், எடை போடும் தராசும் இஞ்சி டேப்பும் அவரிடமே இருக்கின்றன. வாங்கிப்போகிறவர்கள் ஷிப்ட் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த ஷிப்டுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்