எத்தனை பேர் ஏறும் படகு

பென்னாகரம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். உன் கேனோ படகின் படங்களை அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் காட்டினேன். ஒகேனக்கல்லில் காலமெல்லாம் பரிசல் தள்ளியவர், விளிம்பு வளைவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கை நம்ம கைதான்" என்றார். அவர் சொன்னதை உன்னிடம் போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை.

முழங்கால் ஊன்றினால் அடித்தட்டு தகர டப்பா போல உள்வாங்கி எழுகிறது என்று எழுதியிருந்தாய். பரிசலுக்கு அந்த நெகிழ்வு வேண்டும். மூங்கில் பிளாச்சு வளைந்து கொடுப்பதால்தான் பாறையில் உரசியும் தப்புகிறது. கேனோவின் அடி அப்படி ஆடினால் துடுப்பு போடும் பலம் வீணாவதோடு, நாளடைவில் பைபர் வெளுத்து விரிசலும் விடும். அதற்காக மேலும் மேலும் பைபர் துணி ஒட்டாதே. தட்டின் தடிமன் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மைதான், ஆனால் எடையும் இருமடங்காகிவிடும். அதனால்தான் நடுவில் லேசான ஃபோமை வைத்து அதன்மேல் ஒரு துணியை மூடுகிறோம்.

ஃபோம் என்றதும் தெர்மாகோலை எடுத்துவிடாதே. துணியை ஒட்டும் பிசினான பாலியெஸ்டர் ரெசின் பட்டால் கண்ணெதிரே கரைந்து குழியாகிவிடும். நீ எபாக்ஸி ரெசின் என்கிறாய், அதில் கரையாது; ஆனாலும் மிதிபடும் இடத்துக்கு அது மிக மென்மை. 5 மி.மீ. பிவிசி ஃபோம் வாங்கு. படகின் உள்பக்கத்தை 80ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியைத் தடவி ஃபோமை அமர்த்து. காற்று வெளியேற ஃபோமில் சிறு துளைகள் போட்டு, மேலே மணல் மூட்டைகளைப் பரப்பி வை. துளை வழியே ரெசின் பிதுங்கி வந்தால் அடியில் நன்றாகப் பரவியிருக்கிறது என்று அறியலாம். இறுகியபின் நாணயத்தால் தட்டிப் பார். ஒட்டாத இடம் பொக்கென்று ஒலிக்கும்.

ஓரத்தைச் சரிவாகச் சீவு. 5 மி.மீ. உயரத்துக்குக் குறைந்தது 15 மி.மீ. நீளச் சரிவு வேண்டும். செங்குத்தாக விட்டால் மேல்துணி அந்த மூலையில் படியாமல் தூக்கி நிற்கும், பாரமெல்லாம் அந்த ஒரே கோட்டில் இறங்கிப் பிளக்கும். ஓசூரில் நான் வேலை பார்த்த பட்டறையில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தந்ததே இதைத்தான். குளிருக்கு ரெசின் இறுகவில்லை என்று, அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றிவிடாதே. பாலியெஸ்டரில் அளவைச் சற்றுக் கூட்டிக் குறைக்கலாம், எபாக்ஸியில் அளவு மாறினால் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். அறையைச் சூடாக்கு, ஆனால் மூடிய அறையில் தனியாக இருந்து வேலை செய்யாதே, ஓரத்தையும் மறவாமல் சீவு.

ஃபோமை எவ்வளவு நீளம் வெட்டுவது என்று கேட்டிருக்கிறாய். அங்கேதான் எனக்குக் கணக்கு தெளியவில்லை. இருவர் ஏறும் படகு என்றுதான் போன வருடம் வரைபடம் அனுப்பினாய். முன்னால் மாப்பிள்ளை, பின்னால் நீ என்று பெயரும் எழுதியிருந்தாய். இப்போது வந்த படத்தில் ஒரே இருக்கை, அதுவும் நடுவில். ஒருவர் மட்டும் என்றால் முழங்கால் படும் நடுப்பகுதிக்கு, இரு முனையும் குறுகிய நீள்வட்டமாக வெட்டினால் போதும். இருவர் என்றால் முன்னிருக்கைக்கு அடியிலிருந்து பின்னிருக்கை வரை நீள வேண்டும், மாப்பிள்ளையின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அம்மா எதையும் கேட்க வேண்டாம் என்றாள். நான் படகைப் பற்றித்தான் கேட்கிறேன். ஒருவருக்கா, இருவருக்கா என்று ஒரு வரி எழுது. எதுவானாலும் முழு அளவில் காகிதத்தில் வரைந்து அனுப்புகிறேன். அதுவரை ஃபோமை வெட்டாதே.

இப்படிக்கு,
அப்பா