தமிழ் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகளின் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். பள்ளி வளாகத்துக்குள் தமிழில் பேசிய பிள்ளையிடம் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ வாங்கும் வழக்கம் உங்களில் பலரிடம் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: ஆங்கிலம் உலக மொழி, அதை இப்படித்தான் பழக்க முடியும். பதிலின் முதல் பாதியில் எனக்குச் சண்டை இல்லை. என் மகளை ஆங்கில வழியில் சேர்த்தவன்தான் நானும். ஆங்கிலம் உலக மொழியான கதையைப் பார்த்தால் இரண்டாம் பாதி நிற்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்துப் பள்ளிகளிலேயே ஒரு காலத்தில் ஆங்கிலத்துக்கு இடமில்லை. 1066இல் பிரான்சின் நார்மாண்டியிலிருந்து வில்லியம் படையோடு வந்து நாட்டைப் பிடித்த பிறகு அரண்மனையில் பிரெஞ்சு, தேவாலயத்திலும் படிப்பிலும் லத்தீன். ஆங்கிலம் உழுகிறவர்களும் வேலைக்காரர்களும் பேசியது. 14ஆம் நூற்றாண்டில் செஸ்டர் நகரத் துறவி ரானல்ஃப் ஹிக்டன் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். வேறெந்த நாட்டிலும் இல்லாதபடி இங்கே பிள்ளைகள் சொந்த மொழியை விட்டுவிட்டுப் பாடத்தைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், நாட்டுப்புறத்தாரும் கனவான்களாகத் தெரிய வேண்டுமென்று பிரெஞ்சு பேசப் படாத பாடு படுகிறார்கள் என்கிறார். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் நம் மாவட்டத் தலைநகர் எதற்கும் பொருந்தும்.

இந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் உங்கள் தொழில்காரர்தான். கொள்ளைநோய் 1348-49இல் இங்கிலாந்தைச் சூறையாடிய பிறகு, ஜான் கார்ன்வால் என்ற இலக்கண ஆசிரியர் லத்தீன் பாடத்தைப் பிரெஞ்சில் விளக்காமல் ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஹிக்டனின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜான் ட்ரெவிசா, 1385இல் எல்லா இலக்கணப் பள்ளிகளும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன என்று குறித்துவிட்டு, லாப நஷ்டக் கணக்கும் போடுகிறார். லாபம், பிள்ளைகள் இலக்கணத்தை முன்பைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். நஷ்டம், அவர்களுடைய இடது குதிகாலுக்குத் தெரிந்த அளவுகூட அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. இரண்டையும் மறைக்காமல் சொன்ன மனிதர். வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்ற சட்டம் 1362இல் வந்தது. அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள் என்பது வேறு விஷயம்.

அதற்கு இருநூறு ஆண்டுக்குப் பிறகும் ஆங்கிலம் உலக மொழி அல்ல. லண்டனில் மொழி கற்பித்த ஜான் ஃப்ளோரியோ 1578இல், டோவர் துறைமுகத்தைத் தாண்டினால் இந்த மொழிக்கு மதிப்பே இல்லை என்று எழுதினார். நான்கு ஆண்டு கழித்து ரிச்சர்ட் மல்காஸ்டர், இந்தத் தீவைத் தாண்டி அது எட்டவில்லை, தீவிலேயே கூட முழுக்கப் பரவவில்லை என்றார். இவர் லண்டனில் ஒரு பெரிய பள்ளியின் தலைமையாசிரியர். தம் மொழியின் நிலைமை இது என்று தெரிந்தும் அதில் படிப்பு நடக்கலாம் என்று வாதாடினார். நியூட்டன் 1687இல் ஈர்ப்பு விதியை லத்தீனில் வெளியிட்டார். ஒளி பற்றிய நூலை 1704இல் ஆங்கிலத்தில் தந்தார்.

இதற்கிடையே ஆங்கிலம் கடல் கடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை: 1607இல் அமெரிக்க மண்ணில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம், கிழக்கிந்தியக் கம்பெனி, பிரான்சோடு வட அமெரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த போர்கள், தந்திக் கம்பிகள். இலக்கணத்தின் எளிமையால் ஒரு மொழி கடல் கடப்பதில்லை. கப்பலும் பீரங்கியும் கணக்குப் புத்தகமும் கொண்டுபோயின. 1919இல் முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கை பிரெஞ்சோடு ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது, பின்னால் அமெரிக்கா நின்றதால். அதற்கு முன் வேதியியலில் பெரிய ஆளாக வேண்டுமென்றால் ஜெர்மன் படித்தாக வேண்டும். இரண்டு உலகப் போர்களும் ஹிட்லர் விரட்டிய விஞ்ஞானிகளும் அந்த இடத்தை ஆங்கிலத்துக்குக் காலி செய்து கொடுத்தன.

இங்கே மெக்காலேயைத் திட்டிவிட்டுப் போவது எளிது. இந்தியாவில் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய அவருடைய 1835 குறிப்பு திட்டத் தக்கதுதான். ஆனால் 1839இல் ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று சென்னை ஆளுநர் எல்ஃபின்ஸ்டனுக்குப் போன மனுவில் ஏறத்தாழ 70,000 பேர் கையெழுத்திட்டார்கள். பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி அதன் தொடர்ச்சி. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்தவர்களும் ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்றே கேட்டார்கள். இந்த ஊரில் ஆங்கிலத்தை யாரும் அடித்துத் திணிக்கத் தேவை இருந்ததில்லை. மக்களே தேடிப் போனார்கள். அபராதம் யாருக்காக?

அடித்துத் திணித்த இடம் ஒன்று உண்டு, அதையும் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸில் பல பள்ளிகளில் வெல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்து எவன் வெல்ஷ் பேசுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். கடைசியில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு அடி. அரசாங்க உத்தரவு அல்ல, பள்ளிகள் தாமாகச் செய்தது. பெற்றோர் பலரும் ஒத்துக்கொண்டார்கள், நம்மைப் போலவே. 1847இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கை வெல்ஷ் மொழியை மோசமாகத்தான் பேசியது. அந்த அறிக்கையே இந்த மரத்துண்டைக் கண்டித்தது. தன் அடியிலிருந்து தப்ப, பிள்ளைகள் சக மாணவர்களின் வீட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போய், யார் அம்மா அப்பாவிடம் வெல்ஷ் பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்டார்களாம். ஆங்கிலப் புத்தகத்தைச் சரளமாக வாசித்த பிள்ளைகளுக்கு வாசித்தது என்னவென்று தெரியவில்லை என்றும் அறிக்கை சொல்கிறது.

உங்கள் பள்ளிகளில் வகுப்புத் தலைவர் நோட்டில் பெயர் எழுதுகிறாரே, அவருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் என்ன வித்தியாசம்?

பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்ற அக்கறை நிஜமென்றால் ஆங்கில வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். நாற்பது நிமிடத்தில் ஒரு பிள்ளை தானாக யோசித்து எத்தனை வாக்கியம் பேசுகிறது? ஆசிரியர் வாசிக்கிறார், கரும்பலகையில் விடை எழுதுகிறார், பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். பேசக் கற்றுத்தராத இடத்தில் பேசாததற்குக் காசு வாங்குவது என்ன நியாயம்? மதிய உணவு வேளையில் பக்கத்துப் பிள்ளையிடம் "ஊறுகாய் இருக்கா?" என்று கேட்டால் எந்த நேர்முகத் தேர்வும் கெட்டுப் போகாது.

அடுத்த கல்வியாண்டின் டைரி அச்சுக்குப் போவதற்குள் அந்த விதியை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில் ஜான் கார்ன்வாலைப் பற்றி நாலு வரி போடலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பதிலையும் எதிர்பார்க்கிறேன். கூடவே, இதுவரை வசூலித்த அபராதம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா