வாக்குத்தத்த அட்டையும் உடன்படிக்கையும்: வேதபாட வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும், வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் ஆண்டவரின் நாமத்தில் வணக்கம்.

வெள்ளவத்தையில் செவ்வாய்தோறும் மாலையில் கூடும் எங்கள் வேதபாட வட்டத்தின் கடந்த ஆண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். வழக்கம்போல் அங்கத்தவர்களின் வீடுகளில்தான் கூடினோம். மழை கொட்டிய சில கிழமைகளைத் தவிர கூட்டம் தடைப்படவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஆண்டு முழுக்கப் படித்த விடயத்துக்கு வருகிறேன்.

ஆண்டிறுதி நள்ளிரவு ஆராதனையில் தேவனுடைய வாக்கொன்று வசனமாக எழுதிய வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்பது நம் வழக்கம். இந்த முறை எங்களில் பலர் கையில் எரேமியா 29:11 வந்தது. நம்மைக் குறித்துத் தேவன் நினைப்பது தீமையை அல்ல, சமாதானத்தையே என்று சொல்லும் வசனம். இதை முதலில் கேட்டவர்கள் யார் என்று ஒரு தம்பி கேட்டார். பதில் தேடி முழு அதிகாரத்தையும் வாசித்தோம்.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதம். முந்தின வசனமே 70 வருடம் என்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நடந்து வந்த அக்கா ஒருவர் அன்றைக்கு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஊருக்குத் திரும்பிப் போவம் எண்டுதான் இந்த வசனத்தை இவ்வளவு காலமும் பிடிச்சுக்கொண்டிருந்தன். வாடகை வீடுதானே எண்டு பல்கனியில ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட வைக்கேல்லை" என்றார். அடுத்த மாதம் அவர் வீட்டில் கூடியபோது பல்கனியில் கன்று இருந்தது.

அப்புறம் ஆதியாகமம் 15, தேவன் ஆபிராமுக்குச் சந்ததியையும் தேசத்தையும் வாக்களித்து உடன்படிக்கை செய்யும் அதிகாரம். அதில் மூன்று கிழமை நின்றோம். எபிரெயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றே சொல்வார்கள். மிருகங்களைப் பிளந்து எதிரெதிராக வைத்து நடுவே நடப்பது, வாக்கு மீறினால் எனக்கும் இந்தக் கதியே வரட்டும் என்பதற்கு அடையாளம். அடிமைகளை விடுவித்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டவர்களுக்கு எரேமியா 34 நினைவூட்டுவதும் இதைத்தான். ஆனால் ஆபிராம் நடக்கவில்லை. அயர்ந்து தூங்குகிறார். புகைகிற சூளையும் அக்கினிச் சுடரும் மட்டுமே கடந்து போகின்றன. எங்களில் ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவர் இருக்கிறார். "காணி உறுதி எண்டால் இரண்டு சாட்சி வேணும், நொத்தாரிசு வேணும். இங்க சத்தியம் பண்ணுறதும் அவர்தான், சாட்சியும் அவர்தான். வாங்கிறவர் நித்திரை!" என்றார். தம்மிலும் பெரியவர் இல்லாததால் தேவன் தம்மேலேயே ஆணையிட்டார் என்று எபிரெயர் 6 சொல்வது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் அம்மா நோயில் கிடந்தபோது, நான் வசனத்தை உறுதியாகப் பிடிக்காததால்தான் சுகம் வரவில்லை என்று பல வருடம் நம்பியிருந்தேன். வாக்கு நிற்பது என் பிடியில் அல்ல என்று அந்தச் செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அன்றிரவு வீட்டுக்குப் போய் நன்றாக அழுதேன்.

மோசே மூலம் நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்ட சீனாய் உடன்படிக்கையை வேகமாகவே கடந்தோம். 430 வருடத்துக்குப் பின் வந்த நியாயப்பிரமாணம் ஆபிரகாமுக்குக் கொடுத்த முந்தின வாக்கைத் தள்ளாது என்று கலாத்தியர் 3:17 சொல்வதில் எல்லாருக்கும் சம்மதம். இஸ்ரவேலுக்குக் கொடுத்த தேச வாக்கைப் பற்றி மட்டும் ஒத்த கருத்து வரவில்லை. தேவன் இஸ்ரவேலைத் தள்ளிவிடவில்லை என்று சொல்லும் ரோமர் 11ஐ இரண்டு தரம் வாசித்தோம். சரி, கோபமில்லாமல் பிரிந்தோம், அதுவே எனக்குச் சந்தோஷம்.

எபிரெயர் 9இல் 'மரணசாசனம்', அதாவது உயில், என்று வருகிறதே, அதற்கும் உடன்படிக்கைக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான். எழுதியவர் இறந்தால்தான் சாசனம் செல்லும். இயேசுவின் மரணத்தை நினைவுகூரும் அடுத்த திருவிருந்தில் போதகர் ஐயா பாத்திரத்தை உயர்த்தி 'புதிய உடன்படிக்கை' என்று சொன்னபோது, சிறுவயது முதல் காதில் விழுந்து போன அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குள் தங்கியது. வேறு சிலரும் அப்படியே சொன்னார்கள்.

எங்கள் மூத்த அங்கத்தவரான அம்மா ஒருவர் ஆவணி மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடைசியாக வந்த கூட்டத்தில் 89ஆம் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாவீதின்ர சிங்காசனம் என்றைக்கும் நிலைக்கும் எண்டு சொன்னவர், பிறகு கிரீடத்தை ஏன் தரையில விழவிட்டவர்?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது, பிறகு பார்ப்போம் என்றோம். அந்தப் பிறகு அவருக்கு வரவில்லை.

ஆகவே புதிய ஆண்டின் பாடத்தை, தாவீதுக்கு அந்த வாக்குக் கொடுக்கப்படும் 2 சாமுவேல் 7இலும் அதே சங்கீதத்திலும் தொடங்க நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. முதல் கூட்டத்தைத் தன் தாயார் இருந்த வீட்டிலேயே வைக்க அந்த அம்மாவின் மகள் சம்மதித்திருக்கிறார். வேதாகமத்தை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

செயலாளர்
கொழும்பு 06