நுரைக்குள் யாரும் ஊதவில்லை

அன்புள்ள தம்பி,

கேலக்ஸிகள் எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இறைந்து கிடக்கின்றனவா, இல்லை அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. பாத்திரம் தேய்க்கும்போது வரும் சோப்பு நுரையைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார். பெரும்பகுதி வெறும் காற்றுதான். சோப்பு இருப்பதெல்லாம் குமிழிகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய சுவர்களில். சுவர்கள் ஒன்றோடொன்று சேரும் விளிம்பில் அது இன்னும் தடிமன், விளிம்புகள் கூடும் மூலையில் அதைவிடத் தடிமன். பிரபஞ்சமும் பார்வைக்கு அப்படித்தான். சுவர்களில் கேலக்ஸிகள், விளிம்புகளில் நீண்ட இழைகள், மூலைகளில் ஆயிரக்கணக்கில் குவிந்த கொத்துகள்.

நடுவில் இருக்கும் வெறுமை கொஞ்சநஞ்சமல்ல. நம் கேலக்ஸியான பால்வீதிக்கும் பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவுக்கும் இடையே 25 லட்சம் ஒளியாண்டு. 1981இல் பூட்டீஸ் (Boötes) விண்மீன் கூட்டத்தின் திசையில் கண்டுபிடித்த வெற்றிடத்தின் குறுக்களவோ சுமார் 33 கோடி ஒளியாண்டு!

அப்போது பலர் இதை ஒரு விதிவிலக்கு என்றே நினைத்தார்கள். 1986இல் டி லப்பரான், மார்கரெட் கெல்லர், ஜான் ஹுக்ரா என்ற மூன்று வானியலாளர்களும் வானத்தின் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் எடுத்து, அதிலுள்ள சுமார் 1,100 கேலக்ஸிகளின் தூரத்தைச் செம்பெயர்ச்சியை (விலகிப் போகும் கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதை) வைத்துக் கணக்கிட்டு வரைந்தார்கள். வரைபடம் முழுக்க வெற்றிடங்கள், அவற்றைச் சுற்றிக் கோடு கோடாகக் கேலக்ஸிகள். நடுவில் கைகால் விரித்து ஒரு குச்சி மனிதன் நிற்பான். அவனுடைய உடம்பு கோமா கொத்து. அது நிஜத்தில் அவ்வளவு நீளம் கிடையாது. உள்ளே கேலக்ஸிகள் விநாடிக்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் அலைவதால் செம்பெயர்ச்சி முன்பின் ஆகி, கொத்து நம்மை நோக்கி இழுத்து நீட்டியதுபோல் தெரிகிறது. எனக்கு அந்தப் படத்தில் ரொம்பப் பிடித்ததே இந்தக் கோளாறுதான்.

சரி, நுரை உவமை எங்கே காலை வாரும் என்றும் சொல்லிவிடுகிறேன். பலர் இதைச் சொல்வதே இல்லை. சோப்புக் குமிழியை உள்ளிருக்கும் காற்று தாங்கிப் பிடிக்கிறது. வெற்றிடத்துக்குள் அப்படித் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. அது பறிகொடுத்த இடம். பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளியில், லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே ஏற்றத்தாழ்வு இருந்தது. நாசாவின் கோபி (COBE) செயற்கைக்கோள் 1992இல் அதைக் காட்டியது. கொஞ்சம் அடர்ந்திருந்த இடம் ஈர்ப்பு விசையால் அக்கம்பக்கத்துப் பொருளை இழுத்து மேலும் அடர்ந்தது. கொஞ்சம் நலிந்த இடம் உள்ளதையும் இழந்தது. இழுத்ததில் பெரும்பங்கு கரும்பொருளுடையது, அதாவது ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருளுடையது. சாதாரணப் பொருளைவிட அது ஐந்து மடங்குக்கும் மேல். கேலக்ஸிகள் அதன் பின்னால் போனவைதான்.

சுவர் ஏன், உருண்டை ஏன் இல்லை என்பாய். ஒரு மேகம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. எந்தத் திசையில் முதலில் சுருங்குகிறதோ அந்தத் திசையில் தட்டையாகிவிடும். அதுதான் சுவர். அடுத்த திசையிலும் சுருங்கினால் இழை, மூன்றாவதிலும் சுருங்கினால் கொத்து.

அப்புறம் உன் கடைசிக் கேள்வி: இந்த நுரைகளெல்லாம் சேர்ந்து இன்னும் பெரிய நுரையாகுமா? ஆகாது. நூறு கோடி ஒளியாண்டு அகலமுள்ள கனசதுரங்களாக வெட்டிப் பார்த்தால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அன்புடன்,
அண்ணன்