அப்பாவுக்குப் போட்ட ஊசி

அன்புள்ள கண்ணம்மா,

போனில் நீ அழுததில் எனக்குப் பேச்சே வரவில்லை. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், தலையணையில் சாய்ந்து பேப்பர் படிக்கிறார். அவருக்கு மாரடைப்பு வந்த அன்று நடந்ததை நிதானமாக எழுதுகிறேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தவர், "வாயுதான், சரியாயிடும்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். வேர்வையில் பனியன் தொப்பலாக நனைந்துவிட்டது. அதைப் பார்த்தும் நான் முக்கால் மணி நேரம் சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது, எதிர்முனையில் இருந்த பெண், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதா, வயிற்றுப்புண், ரத்தக்கசிவு உண்டா என்று கேட்டாள். இல்லை என்றதும் 300 மில்லிகிராம் மென்று தின்னச் சொன்னாள். மென்றால் சீக்கிரம் ரத்தத்தில் சேருமாம். முகத்தைச் சுளித்துக்கொண்டே மென்றார். ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, இதயக் குழாயை அடைத்த ரத்தக்கட்டி பெரிதாகாமல் ஆஸ்பிரின் தடுக்கும். இருக்கிற கட்டியை அது கரைக்காது.

அதைக் கரைக்கத்தான் ஊசி. ஈசிஜி பார்த்த டாக்டர், ஆஞ்சியோ வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும், அதுவரை காத்திருக்கக் கூடாது என்றார். எப்போதாவது மூளையில் ரத்தம் கசிந்ததா, மூன்று மாதத்துக்குள் பக்கவாதம் வந்ததா, ஆபரேஷன் நடந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கட்டியைக் கரைக்கும் மருந்து வேறு இடத்திலும் ரத்தம் கசியவைக்கும், அதனால்தான். அப்புறம் எடையைக் கேட்டு, அதற்கேற்ற அளவில் டெனெக்டெப்ளேஸ் என்ற அந்த ஊசியைப் போட்டார்கள். கை ரத்தக்குழாயில் சில நொடிகளில் ஏற்றி முடித்தார் நர்ஸ். வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் போடலாமாம், ஆனால் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் பலன் அதிகம். மறுநாள் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். 1988-இல் ஐசிஸ்-2 என்ற ஆய்வு, 17,187 மாரடைப்பு நோயாளிகள். ஆஸ்பிரினும் கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் கிடைக்காதவர்களில் 100-க்கு 13 பேர் ஐந்து வாரத்தில் இறந்தார்கள். இரண்டும் கிடைத்தவர்களில் 8 பேர். அப்படிக் கூடுதலாகப் பிழைத்த ஐந்து பேரில் ஒருவர் உன் அப்பா என்றுதான் எனக்குத் தோன்றியது.

நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் கொடுக்குமுன், ஆண்மைக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அபாயமாக இறங்கிவிடும். யார் கேட்டாலும் இதில் வெட்கம் பார்க்காமல் உண்மையைச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இருக்கிறதே, அவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரலாம். நெஞ்சு வலிக்காமல் மூச்சு மட்டும் வாங்கினாலும், வேர்த்தாலும், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அவரைக் கார் ஓட்ட விடாதே. ஆஸ்பிரின் அவருக்கு ஆகுமா என்று அவர் டாக்டரிடம் இந்த வாரமே கேட்டு வை.

திங்கட்கிழமை அப்பாவைச் செக்கப்புக்கு அழைத்துப் போகிறேன். வந்ததும் போன் செய்கிறேன்.

அம்மா