மழையில் நனையப்போகும் ஸ்பீக்கர்

தென்காசி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். சாரல் தொடங்கிவிட்டதால் வெயில் தணிந்திருக்கிறது. உடுப்பியில் மழை இதைவிடப் பல மடங்கு பெய்யும் என்பது எனக்குத் தெரியும். குடையையும் மழைச்சட்டையையும் அலுவலகப் பையிலேயே வைத்துக்கொள்.

காலையில் நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். 3,000 ரூபாயையொட்டி, தண்ணீர் பட்டாலும் கெடாத, கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் எது வாங்கலாம் என்று கேட்டாய். 30 ஆண்டுகளாக ரேடியோவும் மைக் செட்டும் பழுது பார்த்து வருகிறவன், பெற்ற மகளிடம் "எதையாவது பார்த்து வாங்கிக்கொள், அம்மா" என்று சொல்லிவிட்டேனே என்று நாள் முழுக்க மனம் கேட்கவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போ.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் எல்லாச் சிறப்பும் ஒரே பெட்டியில் கிடைக்காது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். வாட்ஸ் கணக்கையும் வண்ண விளக்கையும் விட்டுக்கொடு. தண்ணீர்க் காப்பையும் பேட்டரியையும் விட்டுக்கொடுக்காதே.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், கைக்கு அடக்கமான ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தான். பெட்டியில் "வாட்டர் புரூஃப்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஆனால் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதற்கான எண் பெட்டியிலும் இல்லை, ஸ்பீக்கரின் அடியிலும் இல்லை. திருச்செந்தூர்க் கடற்கரையில் அலை அடித்து நனைந்திருக்கிறது. துணியால் துடைத்துவிட்டு அன்றிரவே சார்ஜ் போட்டிருக்கிறான்; காலையில் அது எழுந்திருக்கவில்லை. திருகுகளைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சார்ஜ் போடும் துளையைச் சுற்றிக் கோலப்பொடி சிந்தியதுபோல் உப்பு பூத்திருந்தது. உள்ளே இருந்த மயிரிழை போன்ற உலோகக் கால்களில் இரண்டு பாசி பிடித்ததுபோல் பச்சையாகிக் கிடந்தன. ஒன்று பாதியிலேயே அரித்துப் போயிருந்தது. துளையை மூடும் ரப்பர் மூடியை அழுத்திப் பார்த்தேன். அதன் ஓர் ஓரம் பள்ளத்தில் உட்காரவே இல்லை, என் நகம் உள்ளே போயிற்று. அதிர்ந்து ஓசை எழுப்பும் கோனுக்கோ பேட்டரிக்கோ ஒரு குறையும் இல்லை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் அந்த மின்சாரமே உலோகத்தை அரித்துவிடும். அன்றிரவு சார்ஜ் போடாமல் இருந்திருந்தால் அது பிழைத்திருக்கவும் கூடும். அந்தப் பையன் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் என்று சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

ஆகவே "வாட்டர் புரூஃப்" என்ற சொல்லை நம்பாதே, எண்ணைத் தேடு. அது "ஐபி" என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் வரும். ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரநிலையில் அதற்கான சோதனைகளை வகுத்திருக்கிறார்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் இலக்கத்தின் இடத்தில் எக்ஸ் என்று போட்டிருந்தால், தூசியைப் பற்றி அங்கே எந்த உறுதியும் தரவில்லை என்று பொருள். ஐபிஎக்ஸ்4 என்பது நாலாபுறமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்5 என்பது 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு நீர் புகாது. ஐபி67 என்றால் அதோடு தூசியும் அறவே புகாது. நீ மல்பே கடற்கரைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாய். கடற்கரையில் தண்ணீராவது காய்ந்துவிடும்; மணல் ஒட்டினால் போகாது. உனக்கு ஐபி67தான் சரி. அதற்குக் கீழே இறங்காதே.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. 7 என்பது 5-ஐவிடப் பெரிய எண் என்பதால், 5-க்கான சோதனையிலும் அது தேறியிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அசையாத நீரில் மூழ்கிக் கிடப்பது ஒரு சோதனை, வேகமாகப் பாயும் நீரை எதிர்கொள்வது வேறொரு சோதனை. இரண்டிலும் தேறிய பொருள் என்றால் இரண்டு எண்ணையும் போட்டிருப்பார்கள். ஆகவே குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அதன் அடியில் ஸ்பீக்கரைப் பிடிக்காதே. மேலும், அந்தச் சோதனைகள் புதிய பொருளை வைத்து நல்ல தண்ணீரில் செய்பவை. கடல் உப்பும், சோப்பு நுரையும், நீச்சல் குளத்துக் குளோரினும், வெந்நீர் ஆவியும் அந்தக் கணக்கில் வராது. வெறும் நீர் நுழையத் தயங்கும் இடுக்கிலும் சோப்பு நீர் எளிதாக நுழைந்துவிடும். குளியலறையில் பாட்டுக் கேட்க வேண்டும் என்றாய். தாராளமாகக் கேள், ஆனால் ஷவரின் கீழே வைக்காமல் கதவோரமாக, எட்டத்தில் உள்ள தட்டில் வை. ஆண்டுகள் போகப் போக ரப்பர் இறுகிவிடும் என்பதால், இன்று தாங்குகிற அளவு நீரை மூன்றாம் ஆண்டிலும் தாங்கும் என்று நம்பிவிடாதே.

நம் ஊர்க் கோயில் கொடைக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் உனக்கு நினைவிருக்கும். சாரலில் நாள் முழுக்க நனைந்துகொண்டே பாடும். அதில் ரப்பர் மூடி எதுவும் கிடையாது. உள்ளே குழாய் மடிந்து மடிந்து செல்வதால் மழைத்துளி, ஓசையை எழுப்பும் டிரைவர் யூனிட் வரை போய்ச் சேர வழியில்லை, வாயைச் சற்றுத் தாழ்த்திக் கட்டினால் போதும். உள்ளங்கை அளவுள்ள ஸ்பீக்கரில் அப்படி மடிப்பதற்கு இடம் ஏது? வீட்டில் வைக்கும் பெரிய பெட்டிகளில் அடி ஓசை வருவதற்காக ஒரு காற்றுத் துளை விடுவார்கள். நனையும் ஸ்பீக்கரில் அதையும் செய்ய முடியாது. அதனால் பெட்டியை முழுதாக அடைத்துவிட்டு, காந்தமும் சுருளும் இல்லாத இன்னொரு சவ்வைப் பக்கத்திலோ பின்னாலோ பொருத்துகிறார்கள். பாசிவ் ரேடியேட்டர் என்பது அதுதான். கோன் உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தில் அது தானாக அதிர்ந்து, மிருதங்கத்தின் தொப்பி ஓசை போன்ற கனமான ஒலியைக் கூட்டித் தருகிறது. கடையில் பாட்டு ஓடும்போது பார்த்தால் அந்தச் சவ்வு மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்குவது தெரியும். அதை விரலால் அழுத்திப் பார்க்காதே. கிழிந்தால் ஓசையும் போகும், தண்ணீர்க் காப்பும் போகும்.

வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்காதே. 1990-களில் டேப் ரெக்கார்டர்களின் மேல் பிஎம்பிஓ, அதாவது கண நேர உச்ச சக்தி, என்று போட்டு நூற்றுக்கணக்கில் வாட்ஸ் எழுதி ஒட்டியிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே சில வாட்ஸ் மட்டுமே தாங்கும் சிறிய ஸ்பீக்கர் இருக்கும். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் கணக்கை மட்டும் கேள். 5 வாட்ஸ் 10 வாட்ஸானால் ஓசை இரண்டு மடங்காகாது, ஓசையை அளக்கும் டெசிபல் கணக்கில் 3தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். உன் விடுதி அறைக்கு 5 வாட்ஸே போதும். அடி ஓசை குறைவாகத் தோன்றினால் அறையின் மூலையில் சுவரை ஒட்டி வைத்துப் பார்; செலவில்லாமல் ஓசை கனக்கும்.

பேட்டரி விஷயத்தில்தான் விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பெரிதும் வேறுபடுகின்றன. ஜேபிஎல் கோ 3 ஐபி67 தரமுள்ளது, கையளவே இருக்கும், உழைக்கும். ஆனால் 5 மணி நேரம்தான் பாடும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதற்கு அடுத்து வந்த கோ 4-க்கு 7 மணி நேரம். சோனியின் எஸ்ஆர்எஸ்-எக்ஸ்பி100-உம் ஐபி67தான். அதற்கு 16 மணி நேரம் என்று சொல்கிறார்கள். இந்தக் கணக்கெல்லாம் நடுத்தர ஓசையில் எடுத்தவை. முழு ஓசையில் வைத்தால் வெகுவாகக் குறையும். என் மனம் சோனியின் பக்கம்தான் சாய்கிறது. பாட்டு நீண்ட நேரம் ஓடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பத்து நாளைக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால், அந்தத் துளையைத் தொடும் தடவையும், ஈரத்தோடு மறந்து சார்ஜ் போட்டுவிடும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைகின்றன. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கிய பின் தளரத் தொடங்கும் என்பதால் அதன் ஆயுளும் நீளும். இப்படிப்பட்ட ஸ்பீக்கரில் பேட்டரியை மாற்றுவது எளிதும் அல்ல. நானே பிரித்து மாற்றித் தந்தாலும், தொழிற்சாலையில் ஒட்டிய அந்தக் காப்பு என் பசையில் திரும்ப வராது. நீ சொன்ன தொகைக்குமேல் சற்று ஆகுமென்றால் அந்த மிச்சத்தை நான் அனுப்புகிறேன். சார்ஜ் துளை யூஎஸ்பி-சி ஆக இருக்கட்டும். பழைய மைக்ரோ துளையுள்ளவை சீக்கிரம் தளர்ந்துவிடுகின்றன, உன் கைப்பேசியின் வயரும் அதற்குப் பொருந்தாது.

ப்ளூடூத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அறைக்குள் 10 மீட்டர் தூரம் வரை இடைஞ்சல் இராது. ஸ்பீக்கர் தண்ணீருக்குள் போய்விட்டால் பாட்டு நின்றுவிடும். அந்த அலைவரிசையைத் தண்ணீர் உறிஞ்சிவிடுவதுதான் காரணம். பழுது என்று பயந்துவிடாதே, வெளியே எடுத்தால் மறுபடி இணையும்.

நடைபாதையில் அதே பெயரோடு பாதி விலைக்குக் கிடைக்கும் போலிகளின் பக்கம் போகாதே. ரசீது தரும் கடையில் வாங்கு. தண்ணீர் புகுந்து கெட்டால் உத்தரவாதம் செல்லுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டில் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். நீ தினமும் கேட்கும் பாட்டு ஒன்றைப் போடச் சொல். குரல் தெளிவாக வருகிறதா, முழு ஓசையில் கரகரப்பு வருகிறதா என்று கவனி. சார்ஜ் துளைக்கு மூடி இருந்தால் சுற்றிலும் விரலை ஓட்டிப் பார். எந்த ஓரமும் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. சில ஸ்பீக்கர்களில் மூடியே இருக்காது, துளையை உள்ளிருந்தே அடைத்திருப்பார்கள். அதில் குறையில்லை, துளை நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்.

வாங்கி வந்ததும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், வாளியில் நல்ல தண்ணீர் எடுத்துப் பத்து நிமிடம் அமிழ்த்தி வை. குறையிருந்தால் அப்போதே தெரியட்டும். ஆறு மாதம் கழித்து மல்பேயில் தெரிந்தால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். கடலுக்குப் போய்வந்த நாளெல்லாம் மூடியை மூடியபடியே நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, வலைத்துணிப் பக்கம் கீழே இருக்கும்படி உதறி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவை. அதுவரை வயரை அதன் அருகில் கொண்டுபோகாதே.

கடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், பணம் கொடுக்கும் முன், ஸ்பீக்கரின் அடிப்பக்கத்தையும் பெட்டியில் சிறிய எழுத்தில் உள்ள பகுதியையும் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஐபி எண்ணும், பிஐஎஸ் என்ற இந்தியத் தர அமைப்பின் முத்திரையின் கீழே ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் படத்தில் விழட்டும். சனிக்கிழமை மாலை நான் கடையில்தான் இருப்பேன். பார்த்த உடனே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அப்பா