வடக்குச் செய்யின் வேலி

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ ராத்திரியில் தனியாகக் கார் ஓட்டாதே. போன வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சட்ட முகாம் நடத்திவிட்டு, இருட்டோடு மதுரைக்குத் திரும்பிவிட்டாயாமே. நாலு கிலோமீட்டரில் வீடு இருக்கிறது. அம்மா தோசைக்கு மாவு ஆட்டி வைத்திருந்தாள்.

பேப்பரில், 'அரசுத் தரப்பில் கூடுதல் அரசு வழக்கறிஞர் ஆஜராகி' என்று உன் பெயரைப் பார்த்தேன். டீக்கடையில் அந்தத் தாள் கைமாறிக்கொண்டே இருந்தது. ஆட்சி மாறினால் போய்விடுகிற பதவி, வேண்டாம் என்று அன்றைக்குத் தடுத்தவன் நான்தான். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வு எடு. போன மார்கழியில் மந்தையில் உட்கார்ந்து, புலப்படத்தை விரித்து, எது பட்டா, எது புறம்போக்கு என்று கிழவிகளுக்குக்கூடப் புரிகிற மாதிரி சொன்னாயே, நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன். முன்னால் வர முடியவில்லை.

கண்மாயை அளந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து போன் செய்தால் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். மேலத்தெருவில் கண்மாய் ஆக்கிரமிப்புக்கு 7-ஆவது பிரிவு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். நமக்கு வரவில்லை. வக்கீலம்மா அப்பாவுக்கு எப்படி வரும் என்கிறார்கள். நீ சொல்லித்தான் நிறுத்தினாய் என்று ஒருத்தன் என் முகத்துக்கு நேராகவே சொன்னான். நீ அப்படிச் செய்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று உனக்கும் தெரிந்திருக்கும். கண்மாய் மூன்று வருஷம் வறண்டு கிடந்தபோது வடக்குச் செய்யின் வேலியை, தண்ணீர் நிற்கிற உள்வாய்க்குள் தள்ளிப் போட்டவன் நான். 16 தென்னை நட்டேன். வருஷா வருஷம், பசலிக்குப் பசலி, ஆக்கிரமிப்பு என்று பி-மெமோ போட்டார்கள், அபராதம் கட்டினேன். அந்த ரசீதுகளை பிஸ்கட் டப்பாவில் பத்திரம் மாதிரி பூட்டி வைத்திருக்கிறேன். ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. அந்தத் தேங்காய்க் காசில்தான் உன் சட்டக் கல்லூரி ஃபீஸ் கட்டினேன். நம் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழே இரண்டு ஊருக்குத் தண்ணீர் என்பது சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன், தாயி.

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. வேலியை நானே பிரித்துக்கொள்கிறேன் என்று தாசில்தாருக்கு மனு கொடுக்கப் போகிறேன். அதை எப்படி எழுத வேண்டும் என்று உன்னிடம் கேட்கலாமா? உன் வேலைக்கு அது இடைஞ்சல் என்றால் வேண்டாம், வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்கிறேன். அதை மட்டும் என்னிடம் நேரில் சொல், அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

வருவதாக இருந்தால் பகலிலேயே வா.

அப்பா